ஜெசிந்தாவின் வரிசை

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா ஒன்றையும் கவனிக்கவில்லை. நற்கருணைப் பாத்திரம் கைநழுவிவிடக் கூடாதே என்ற ஒரே கவலைதான் மனசில் இருந்தது. இடப்பக்க வரிசையில் வந்தவர்களுக்கு மெல்லிய அப்பத்தை ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொன்னாள். அவர்கள் "ஆமென்" என்று கை நீட்டினார்கள். சீக்கிரமே வரிசை தீர்ந்துபோயிற்று. வலப்பக்கம் பங்குத்தந்தை க்ளென் முன்னால் இன்னும் பாதிக் கோயில் நின்றுகொண்டிருந்தது. சாமியார் கையால் வாங்கத்தான் ஜனத்துக்கு ஆசை, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு பாத்திரத்தை மூடினாள்.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தாறு வயது. அல்சூரில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காலனியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே புருஷனைப் பறிகொடுத்தவள். ராணுவக் குடியிருப்புகளைக் கூட்டிப் பெருக்க வட ஆற்காட்டிலிருந்து வந்த அவள் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே குடும்பம் ஞானஸ்நானம் வாங்கிவிட்டது. நான்கு தலைமுறை ஆகியும் கோயிலின் பங்கு மக்களிடையே அவர்களுக்குப் பெயர் 'காலனிக்காரங்க'. தலித் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

இருபத்திரண்டு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளர் வேலை. பூசைக்குத் தவறாதவள், யார் வீட்டில் நோய் என்றாலும் போய் நிற்பவள். அதனால்தான் நற்கருணை வழங்க உதவும் பணியாளராக ஃபாதர் அவளைத் தேர்ந்தெடுத்தார். காலனியிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். ஆறு சனிக்கிழமை பயிற்சிக்குப் போனாள். அதற்கென்றே ஒரு வெள்ளைப் புடவை எடுத்தாள்.

ஒரு வாரம் அவள், மறுவாரம் சேவியர் சார் என்று ஏற்பாடு. சேவியர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், மென்மையான மனிதர். அவருடைய முறை வந்த ஞாயிறு ஜெசிந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதே இடப்பக்கம். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஒருவரும் ஃபாதர் பக்கம் மாறவில்லை.

அவள் கழுத்தைத் திருப்பி அந்த வரிசையை வாசல்வரை பார்த்தாள்.

அடுத்த முறை அவள் எண்ணினாள். பதினோரு பேர். தன் முன்னால் வந்து சேர வேண்டியவர்கள், நாலு பெஞ்சுக்கு முன்பே ஏதோ மறந்துபோனவர்களைப் போல நடுப்பாதையைக் கடந்து அந்தப் பக்கம் போவது இப்போது தெளிவாகத் தெரிந்தது. காலனி ஆட்களும் போனார்கள். கண்ணில் படாமல் கூட்டத்தோடு கூட்டமாக இருந்து பழகியவர்கள்.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேலைக்குப் போகும்போது இரண்டு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டிறங்கி நடந்தாள். தியேட்டரில் கேட்ட கத்தரிக்கோலை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்து நீட்டினாள். வீட்டில் குக்கரை வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள்.

"இன்னாம்மா, ரூம அளந்துனு கீற?" என்றாள் மகள் ரூபினி. கல்லூரியில் படிக்கிறாள், கோயிலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடம். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள். "இதுல கண்டுபுடிக்கறதுக்கு இன்னா இருக்கு? ஊருக்கே தெரியும். வுட்டுட்டு வாம்மா."

"எனுக்குத் தெரியணும்டி. நானா கற்பன பண்ணிக்கறனான்னு தெரியணும்."

குருத்து ஞாயிறு அன்று கூட்டம் அதிகம் என்பதால் மூன்று பேரும் நின்றார்கள். நடுவில் ஃபாதர், இடப்பக்கம் ஜெசிந்தா, வலப்பக்கம் சேவியர். கொடுக்கத் தொடங்கும் முன் ஜெசிந்தா சேவியரிடம் போய், "சார், ஃபேன் காத்துல அப்பம் பறக்குது, நீங்க அந்தப் பக்கம் நிக்கறீங்களா?" என்று இடம் மாற்றிக்கொண்டாள். வலப்பக்கம் நின்றிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு கையில் குருத்தோலையோடு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். வயதான ரெஜினா மட்டும் போகிற போக்கில் குனிந்து, "தப்பா எடுத்துக்காத ஜெசி, எனக்கு ஃபாதர் கையால வாங்கித்தான் பழக்கம்" என்றாள். சொல்லிவிட்டு சேவியர் வரிசையில் போய் நின்றாள்.

பூசை முடிந்ததும் ஜெசிந்தா ஃபாதரின் அறைக்குப் போனாள். க்ளென் மங்களூர்க்காரர், தமிழ் படித்துக் கற்றுக்கொண்டவர். அவளைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"உக்காருங்க ஜெசிந்தா."

"நிக்கறேன் ஃபாதர். நீங்களும் பாத்தீங்கதானே?"

"பார்த்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒண்ணு யோசிச்சேன். வீட்டுல படுத்திருக்கிற நோயாளிகளுக்கு நீங்க நற்கருணை கொண்டுபோகலாமே? அதுவும் பெரிய சேவைதான்."

"கோயில்லயே எங்கிட்ட வாங்காதவங்க, வீட்டுக்குள்ள வுடுவாங்களா ஃபாதர்?"

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பங்குப்பேரவைச் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் எழுதிய கடிதம். திருமதி ஜெசிந்தா மருத்துவமனையில் ரத்தமும் கழிவும் தொடும் வேலை செய்பவர் என்பதால், சுகாதாரம் கருதி அவரை மாற்ற வேண்டும் என்று இருந்தது. கீழே நாற்பத்து மூன்று கையெழுத்து. ஏழாவதாக, அழகான பேங்க் கையெழுத்தில், சேவியர்.

அந்தப் பெயரில் அவள் கண் நின்றுவிட்டது. மற்ற நாற்பத்திரண்டும் அவ்வளவு வலிக்கவில்லை.

"டாக்டர் பிரகாசம் நம்ம கோயில்ல பைபிள் வாசகம் வாசிக்கறாரு. நான் நிக்கற ஆபரேஷன்லதான் அவரும் நிக்கறாரு. அவரப் பத்தியும் லெட்டர் வந்துச்சா ஃபாதர்?"

"வரல."

"இத நான் எடுத்துனு போறேன்."

"ஜெசிந்தா, கொஞ்சம் பொறுமையா..."

"நாலு தலமுறையா பொறுமையாத்தான் கீறோம்."

பேரவைக் கூட்டம் ஈஸ்டர் முடிந்து இரண்டாம் ஞாயிறு, பங்கு மண்டபத்தில். ஜெசிந்தா உறுப்பினர் இல்லை. கதவருகே நின்று, பேச அனுமதி கேட்டாள். ஃபாதர் தலையசைத்தார். அவள் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை, கையெழுத்துப் போட்ட பெயர்கள் உட்பட, உரக்கப் படித்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் நிதானமாகக் கேட்டார். "இதுல சாதிங்கிற வார்த்தை எங்கயாவது இருக்காம்மா?"

"இல்லீங்க. அதான் நானும் தேடுனேன்." அவள் காகிதத்தை மடித்தாள். "சுத்தம்னு எழுதிகீறீங்க. சரி, சுத்தத்தயே பேசுவோம். எங்க ஆஸ்பத்திரில புதுசா வர்ற நர்ஸுங்களுக்குக் கை கழுவக் கத்துக்குடுக்கறது நான்தான். முழங்கை வரைக்கும், நகத்தோட. அடுத்த ஞாயிறுலருந்து குடுக்கறதுக்கு முன்னாடி உங்க எல்லார் எதுரயும் அப்படியே கழுவறேன். ஃபாதரும் கழுவட்டும். சேவியர் சாரும் கழுவட்டும். அப்புறம் காரணம் ஒண்ணும் இருக்காதுல்ல?"

ஃபாதர் தன் குறிப்பேட்டில் 'ஞாயிறு, பேசின், சோப்பு' என்று எழுதிக்கொண்டார். அவள் சேவியரைப் பார்த்தாள். "நீங்களுமா சார்?"

"கேட்டாங்க... போட்டுட்டேன்மா" என்றார் அவர், மேசையைப் பார்த்தபடி.

அடுத்த ஞாயிறு பீடத்தின் ஓரம் ஒரு ஸ்டூலில் பேசினும் சோப்பும் வைக்கப்பட்டன. மூவரும் கழுவினார்கள். ஃபாதர், ஜெசிந்தாவைப் பார்த்துப் பார்த்து, விரலிடுக்குகளைத் தேய்த்தார். அன்றும் ஜெசிந்தா முன்னால் வந்தவர்கள் பதினான்கு பேர்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. கற்பனை இல்லை என்று தெரிந்துவிட்டதில் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலவும், அந்த இடத்தில் நெருப்பு வைத்தது போலவும் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு ஃபாதர் இரண்டு பாத்திரங்களையும் ஜெசிந்தாவிடமும் சேவியரிடமும் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் மொத்தமும் சேவியர் பக்கம் திரும்பியது. சேவியர் அந்த நீண்ட வரிசையைப் பார்த்தார், பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார். பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பாடகர் குழுவுக்குக் கொடுக்க மாடிப்படி ஏறிப் போய்விட்டார். திரும்பி இறங்கவில்லை.

கீழே இருந்தது ஜெசிந்தா மட்டும்.

ஸ்தனிஸ்லாஸ் குடும்பத்தோடு வெளியேறினார். சிலர் வாங்காமலே பெஞ்சுக்குத் திரும்பிப் போய் முழந்தாளிட்டார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் நகர்ந்தது காலனிக்காரர்கள்தான். கடைசி பெஞ்சுகளிலிருந்து, ஒளிய இடமில்லாமல், ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், வேலைக்கென்று புதிதாக ஊரிலிருந்து வந்த இரண்டு பையன்கள், பிறகு இன்னும் சிலர். ரெஜினாவும் வந்தாள். அவள் பழைய வழக்கப்படி கையை நீட்டாமல் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். கிழவியின் மூச்சு ஜெசிந்தாவின் விரலில் சுட்டது.

"ஆமென்" என்றாள் ரெஜினா.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பதினெட்டுக் குடும்பங்கள் பக்கத்துக் கோயில் பங்குக்கு மாறிப்போயின. ஜூனில் ஃபாதர் க்ளெனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. புதிய பங்குத்தந்தை இளையவர், சிரித்த முகம். ஜூலையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பணியாளர் பட்டியலில் சேவியர் பெயர் இருந்தது, ஜெசிந்தா பெயர் இல்லை. புதிய ஃபாதரிடம் கேட்டபோது, "கொஞ்ச நாள் சூடு ஆறட்டும்மா, மறுபடி பார்க்கலாம்" என்றார். மறு ஞாயிறு பட்டியலில் சேவியரின் பெயரை யாரோ நீலப் பேனாவால் அடித்திருந்தார்கள். அடித்தது தான்தான் என்று சேவியரே வந்து சொன்னார். ஜெசிந்தா தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்துவிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் மறைமாவட்டக் குழுவுக்கு மனு எழுதினாள். ரூபினிதான் டைப் அடித்தாள். நாற்பத்து மூன்று கையெழுத்துக் கடிதத்தின் நகலையும் சேர்த்தார்கள். "கோயிலுக்கு வரமாட்டேன். ஆனா இதுக்குக் கூட வரேன்" என்றாள் மகள்.

இரண்டு பேரும் போனார்கள். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஜெசிந்தா பாதி நேரம் எழுந்து நின்றாள், தாழ்வாரத்தில் நடந்தாள், திரும்பி வந்தாள். கடைசியில் ஒரு குமாஸ்தா வந்து, விசாரிக்கும் ஃபாதர் வெளியூர் போயிருக்கிறார், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்.

ஜெசிந்தா அங்கேயே நின்று மருத்துவமனைக்கு போன் போட்டாள்.

"மமதா மேடம், வியாழக்கிழமை எனக்கு மதியம் ஷிஃப்ட் போடுங்க."

"மத்தே... மறுபடியும் சர்ச் விஷயமா?" என்றாள் மேற்பார்வையாளர் மமதா, பாதிக் கன்னடத்தில். "இன்னும் முடியலியா?"

"இல்ல மேடம்."

"அதுக்கடுத்த வாரம்?"

ஜெசிந்தா குமாஸ்தாவைப் பார்த்தாள். அவர் மனுவை ஒரு ஃபைலுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கும் சேத்தே போட்டுடுங்க" என்றாள்.