குதிரைக்கு வந்த வெளிச்சம்

விழுப்புரத்தில் மூட்டுவலிக்கு நான் போகிற இடத்தில், அங்கே வேலை பார்க்கும் பெண் என் முழங்காலில் ஒரு பட்டையைச் சுற்றி சுவிட்சைப் போட்டாள். உள்ளே குட்டிக் குட்டியாகச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. "சூடு தெரிஞ்சா சொல்லுங்கம்மா" என்றாள். எனக்குச் சூடு தெரியவில்லை, குதிரை வாசனைதான் வந்தது. சிரிக்காதீர்கள். ஊறிய கொள்ளும் ஈர வைக்கோலும் கலந்த அந்த வாசனை ஏசி அறைக்குள் எப்படி வரும்? ஆனால் வந்தது, கூடவே பழைய வயிற்றெரிச்சலும் வந்தது.

இந்தப் பட்டையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். என் சக்களத்தியின் காலில்.

அவள் பெயர் சிட்டு. வெள்ளைக் குதிரை. கூட்டேரிப்பட்டில் எங்கள் வீட்டை ஒட்டியே அவளுக்குக் கொட்டகை. என் வீட்டுக்காரர் அவளைக் கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டிப் போவார். எங்கள் சோறே அவள் நடையில்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு நான் "இந்தா", அவள் "தங்கம்". "இந்தா, தண்ணி கொண்டா." "தங்கம், தண்ணி குடிக்கிறியாடா?" நீங்களே சொல்லுங்கள், எந்தப் பெண்ணுக்குப் பொறுக்கும்?

திண்டிவனத்தில் ஒரு ஊர்வலம். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் அவள் காலடியிலேயே சரவெடியைப் போட்டுவிட்டார்கள். சிட்டு மிரண்டு பின்வாங்கியதில் பின்னங்கால் சாக்கடைப் பலகைச் சந்தில் இறங்கிவிட்டது. குளம்புக்கு மேலே இருக்கிற மூட்டு தேங்காய் மாதிரி வீங்கிப்போனது. அதே வாரம்தான் நானும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கப் போன இடத்தில் வரப்பில் வழுக்கி முழங்காலைத் திருகிக்கொண்டேன். எனக்குக் கிடைத்த வைத்தியம், "தைலம் இருக்குது பாரு, தேச்சிக்க." அவளுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து டாக்டரம்மா வந்தார்.

டாக்டரம்மா மூட்டை அழுத்திப் பார்த்து, எலும்பு உடையவில்லை, நரம்பு இழுபட்டிருக்கிறது என்றார். ஊசி போட்டார். பிறகு பையிலிருந்து இந்தச் சிவப்பு விளக்குப் பட்டையை எடுத்தார். அந்த வெளிச்சம் தோலுக்குள் இறங்கி வீக்கத்தைக் குறைக்குமாம், உள்காயம் சீக்கிரம் ஆறுமாம். "கால நல்லாக் கழுவி, ஈரம் போகத் தொடச்சிட்டுக் கட்டுங்க. நடுவுல எதுவும் இருக்கக் கூடாது" என்று சொல்லி, பட்டையையும் கொடுத்துவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரரைப் பார்க்கணுமே! காலையிலும் சாயங்காலமும் கொட்டகைதான். பட்டையை முதலில் தன் உள்ளங்கையில் சுற்றிச் சூடு பார்ப்பார். பிறகு என் மெத்தென்ற பழைய நூல் புடவையைக் கிழித்து அவள் காலை ஒத்தி எடுப்பார். விளக்கு எரிகிற நேரம் முழுக்க அவள் முன்னால் குந்திக்கொண்டு, "வலிக்குதாடா தங்கம்? தோ, ஆயிடுச்சி" என்பார். நான் நொண்டிக்கொண்டே கொள்ளு வேகவைத்தேன்.

ஒருநாள் வாய் விட்டுக் கேட்டேன். "அது சும்மாத்தான கெடக்குது, என் முட்டிக்கும் ஒருவாட்டி வைக்கக் கூடாதா?"

"இது குதிரைக்கு வந்தது" என்றார்.

அவ்வளவுதான். அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த முறை டாக்டரம்மா வந்து பட்டையை அவிழ்த்தபோது, மூட்டைச் சுற்றி ஒரு வட்டமாகத் தோல் வழண்டு சிவந்திருந்தது. பட்டைக்கு அடியில் தடியான கறுப்புக் கயிறு! திருஷ்டிக் கயிறு.

"இன்னாங்க இது? கறுப்பு, வெளிச்சத்த உள்ள விடாம சூட்டப் புடிச்சி வச்சிக்கும். எதுக்குக் கட்டுனீங்க?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "கண்ணு படுதுங்க மேடம்."

"கொட்டகைக்குள்ள இருக்கிறதுக்கு யாரு கண்ணு படப்போவுது?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறியது. எனக்கெதிராகவா அந்தக் கயிறு! நான் வேகவைத்த கொள்ளைத் தின்கிற குதிரைக்கு!

"என் கண்ணுக்கு அவ்ளோ பவரு இருந்தா, மொதல்ல உங்க மேலதாங்க பட்டிருக்கும்!" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு, அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிக்கடா தங்கம்" என்றார். அவளிடம்!

புண் ஆறியது, வீக்கமும் வடிந்தது. மறுபடியும் அதே திண்டிவனம் கடைத்தெருவில் சலங்கை கட்டி நடந்தாள். பிறகு வயதாகிப் போய்ச் சேர்ந்தாள். புளியமரத்துக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்தவர் ரொம்ப நாள் சரியாகச் சாப்பிடவில்லை. செத்தும் விடமாட்டாளா என்று எனக்கு அப்போதும் எரிந்தது. இப்போது மாப்பிள்ளைகள் திறந்த காரில் வருகிறார்கள். கொட்டகையில் பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரை நிறுத்துகிறார்.

அந்தப் பெண் பட்டையை அவிழ்த்தாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த என் வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "இந்தா, முடிஞ்சுதா? பஸ்ஸு வந்துடும்" என்றார். அவர் கண் ஒரு கணம் அந்தச் சிவப்பு விளக்கில் நின்றது. கைகூட லேசாக நீண்டது, சூடு பார்க்கப் போகிறவர் மாதிரி. பெண் சுவிட்சை அணைத்தாள். கை சட்டைப் பைக்குப் போய்விட்டது.

சிட்டு போன பிறகாவது அந்தத் "தங்கம்" என் பக்கம் வரும் என்று இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வரவில்லை. அதை அவர் அவளோடு சேர்த்தே புதைத்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் யாரையும் பார்த்துச் சொல்வதில்லை.