வாலுக்கு விட்ட இடைவெளி

என் அப்பா ராஜாங்கம் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கொதிகலன் ஃபிட்டர். 1987 செப்டம்பரில், இடஒதுக்கீட்டு மறியல் வாரத்தில் இறந்தார். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெளியூரில் இன்ஜினியராக இருந்த நான், திண்டிவனத்துக்குப் பிறகு நடையும் மாட்டுவண்டியுமாக வீடு வந்து சேர மூன்று நாளானது. அதற்குள் சித்தப்பா கொள்ளி வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு அப்பாவுக்கு நான் வாங்கித் தந்த, பாகங்களை ஒட்டிச் செய்யும் மர விமானம் அலமாரி மேல் இருந்தது. அப்பா மற்ற பாகங்களையெல்லாம் ஒட்டியிருந்தார். வால் மட்டும் தனியாகக் கிடந்தது.

“வால இன்ஜினியரு வந்து வெப்பான், தொடாதன்னு என்னயே வெரட்டுவாரு,” என்றாள் அம்மா.

வாலைச் செருகினேன், ஆடியது. அதற்கான பிளவை அப்பா ஒரு மில்லிமீட்டர் கூடுதல் அகலமாக அறுத்திருந்தார். சூட்டில் இரும்பு விரியும் என்று குழாய்களுக்கு இடம் விட்டுப் பழகிய கை, மரத்துக்கும் விட்டிருந்தது. அப்படியே ஒட்டினால் வால் சாயும். விமானம் நேராகப் பறக்காது.

அவருக்கு நான் செய்ய மிச்சமிருந்தது இது ஒன்றுதான். மெல்லிய மரச்சீவலைப் பிளவில் வைத்து இறுக்கினேன். வால் இறக்கைக்கு இணையாக இருக்கிறதா என்று இருபுறமும் அளந்தேன். பசை தடவிப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு சொட்டு கண்ணீர் வுடலியேடா, இன்னா புள்ள நீ?”

“காயுற வரைக்கும் கை ஆடக்கூடாதும்மா.”

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பசை காய்ந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.