இரண்டு சீட்டிலும் ஒரே சொல்

குடியாத்தத்துச் சகோதரிகளே, சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் எல்லாரும் தாங்கள் பட்ட பாட்டைச் சொல்வார்கள். நான் என் வீட்டுக்காரரைப் படுத்தின பாட்டைச் சொல்ல வந்திருக்கிறேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். அதற்காக அவரைத் துதிக்கிறேன். ஆனால் என் திருட்டை முதலில் சொல்லாமல் துதித்தால் அது வெறும் வாய்ப்பந்தல்.

எங்களுக்கு ஆம்பூர். அவர் தோல் கிடங்கில் வேலை செய்தார். நான் அதே கிடங்கில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையை இடிக்கிறவள். அவர் பேரைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் எங்கள் சபைப் புஸ்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த மாட்டுத்தோலைத் தோளில் போட்டுச் சுமந்து வந்து சுண்ணாம்புத் தொட்டியில் இறக்குவது அவர் வேலை. விரல்கள் சுண்ணாம்பில் வெந்து வெடித்திருக்கும். சோறு பிசைந்தாலே எரியும். நான்தான் பல நாள் உருண்டை பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் வெள்ளைக்காரப் பாதிரியார் துரை அய்யரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. நாங்கள் பட்பட்டி என்போம். கிராமத்துச் சபைகளுக்கு அதில்தான் போவார். ஒரு நாள் பாலாற்று மணலில் அது நின்றுவிட்டது. அங்கே இருந்த இவர் போய்த் தள்ளினார். துரை அய்யர் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி மாட்டுவதை இவர் கவனித்துக்கொண்டார். அடுத்த தரம் நின்றபோது, "நான் பாக்கட்டுமா, அய்யா?" என்று கேட்டு இவரே சரிசெய்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வண்டியைப் பற்றியே பேச்சு. சாப்பிடும்போது பட்பட்டி, படுக்கும்போது பட்பட்டி. எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்றே சொல்லிச் சிரித்தேன்.

சிரிப்பு ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச காலம் வரைதான். மெட்ராஸ் பக்கத்தில் ஒரு தொழிற்பள்ளிக்கூடம், மோட்டார் வண்டி ரிப்பேர் சொல்லித்தருகிறார்கள், இரண்டு வருஷம், கலியாணமானவர்களையும் சேர்ப்பார்கள், பெண்டாட்டி தங்க மட்டும் இடமில்லை என்று துரை அய்யர் சொன்னார். தானே கடிதம் கொடுப்பதாகவும் சொன்னார். அப்போது எனக்கு மூன்றாம் மாசம்.

என் அப்பா கோலாருக்குத் தங்கச்சுரங்க வேலைக்குப் போனவர். ஆறே மாசம் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது. என் அம்மா சாகிற வரைக்கும் ரயில் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருவாள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வேலைக்கென்று ரயில் ஏறுகிற ஆம்பிளை திரும்பமாட்டான் என்பது எனக்குள் ஆணி அடித்தாற்போல் இருந்தது. இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரோஷம்! அதற்குப் பதில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன், பேசாமல் கிடந்தேன், அழுதேன்.

"சரி, நீயும் முடிவு பண்ண வாணாம், நானும் பண்ண வாணாம். சாமிகிட்ட கேட்டுடலாம்" என்றார் அவர்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெண் எடுப்பது, நிலம் வாங்குவது போல முடிவு தெரியாத காரியம் வந்தால் சீட்டுப் போடுவோம். ஒன்றில் 'வேண்டும்', ஒன்றில் 'வேண்டாம்'. இரண்டையும் ஒரே அளவாகச் சுருட்டி வெண்கலக் கும்பாவில் போட்டுப் பீடத்தில் வைத்து, உபதேசியார் ஜெபம் செய்வார். ஒரு சிறு குழந்தை ஒன்றை எடுக்கும். அதுதான் தேவசித்தம். மற்றதைப் பிரிக்கவே கூடாது. அப்படியே மெழுகுவத்தியில் எரித்துவிட வேண்டும்.

வெடித்த விரலால் அவருக்குப் பேனா பிடிக்க முடியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த கெட்டிக்காரி நான்தான் எழுதினேன். இரண்டிலும் 'வேண்டாம்' என்று எழுதினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து குழந்தை ஒரு சீட்டை எடுத்தது. உபதேசியார் வாசித்தார். "வேண்டாம்." மற்றதை இவர் கையில் கொடுத்து எரிக்கச் சொன்னார். பிரித்துப் பார்த்துவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்தேன். இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெழுகுவத்தியிடம் போனார். புகை வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன், சகோதரிகளே. அந்த வாயாலேயே சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் பட்பட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. துரை அய்யருக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். கிடங்குக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். என்மேல் ஒரு கடுஞ்சொல் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன்.

ஆடி மாசம் அவர் கழுத்தில், தோல் சுமக்கிற பக்கம், கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு வந்தது. அரித்தது. இரண்டாம் நாள் நடுவில் கறுத்துவிட்டது. சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம். வலியே இல்லை என்றார். மூன்றாம் நாள் கழுத்தும் தாடையும் வீங்கி முகமே மாறிவிட்டது. காய்ச்சல் கொதித்தது. எங்கள் தெருப் பெண்டுகள் விஷக்கட்டி என்றார்கள், சூடு வைத்தால் அமுங்கும் என்றார்கள். நான் கரண்டியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி எடுத்துக்கொண்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சமயத்தில், ஆள் ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்க வந்தார் கிடங்கு மேஸ்திரி காதர் பாய்.

"அடியம்மா, கரண்டிய கீழ போடு!" என்று கத்தினார். "இது கட்டி இல்ல, அடைப்பான். மாட்டுக்கு வர்ற சீக்கு, தோல்லேர்ந்து மனுசனுக்கு ஏறிக்கும். சூடு வெச்சே, ஆளு காலி. ஜல்தி கெளம்பு, வேலூர் ரயிலுக்கு டைம் கீது."

அவரே ஜட்கா கொண்டுவந்தார், அவரே தூக்கி ஏற்றினார், காட்பாடி வரைக்கும் கூட வந்தார். ரயிலில் என் பக்கம் திரும்பி, "இவன் அந்த மோட்டாரு ஸ்கூலுக்குப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சானே, இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டார். நல்ல மனசோடு கேட்டார். சுண்ணாம்புத் தொட்டியை விட்டுப் போயிருக்க வேண்டிய மனுஷன். என் எழுத்துதான் அவர் கழுத்தில் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசி போட்டார். காயத்தைத் தொடவே கூடாது என்றார். "வீக்கம் மூச்சை அடைக்காம இருக்கணும். ரெண்டு நாள் தாண்டட்டும்மா. இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். என் வீட்டுக்காரருக்கு நினைவு இல்லை. தொண்டையில் கரகரவென்று சத்தம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை அன்று மத்தியானம் துணி மூடிக் கொண்டுபோனார்கள்.

நான் தாழ்வாரத்துத் தரையில் முழங்கால் போட்டேன். ஜெபமே வரவில்லை. 'காப்பாற்றும்' என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? கர்த்தர் பேரைச் சொல்லிப் பொய் எழுதினவள் அவரிடமே போய் எப்படிக் கேட்பது? செத்துவிடலாம் போல இருந்தது. வயிற்றில் பிள்ளை புரண்டது. கடைசியில் இப்படித்தான் கேட்டேன்: "ஆண்டவரே, பொழைக்க வையின்னு கேக்க எனக்கு வாயில்ல. நான் செஞ்சத அவர் காதுல போட்டுடணும். அதுக்கு மட்டும் புத்தி தெளிய வையும். அப்புறம் உம்ம இஷ்டம். அவர் என்ன உட்டுட்டாலும் சரி."

இரண்டு நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை, வார்டில் கஞ்சி கொடுக்கிற நேரம், அவர் கண்ணைத் திறந்து "தண்ணி" என்றார். பிழைப்பது சந்தேகம் என்று எழுதி வைத்திருந்த மனுஷன்! டாக்டரம்மாவே கட்டில் காலடியில் நின்று கண்ணை மூடி ஸ்தோத்திரம் பண்ணினார். நான் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்த கையோடு சொல்லிவிட்டேன். உடம்பு தேறட்டுமே என்று இருந்திருந்தால் பேச்சை மழுப்பியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அவர் கூரையைப் பார்த்தபடி, "தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"எரிக்கறதுக்கு முன்னாடி பிரிச்சிப் பாத்தேன். அதுலயும் வேணாம்னுதான் இருந்துச்சி."

"பாத்துட்டு ஏன் சும்மா இருந்தீங்க? அப்பவே என்ன நாலு பேரு முன்னாடி கேட்டிருக்கலாம்ல?"

"சாமி சொல்லலன்னு தெரிஞ்சிபோச்சி. வயித்துப்புள்ளக்காரி, சாமிகிட்டயே திருடற அளவுக்குப் பயந்து கெடக்கா. இத்த உட்டுட்டு எங்க போறதுன்னு இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஐந்து மாசம் அந்தச் சீட்டை மனசில் வைத்துக்கொண்டு என் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறார்! கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது. நர்ஸம்மா வந்து என்னை வெளியே அனுப்பினார். கோலாரையும் என் அம்மாவையும் பற்றி அன்று சாயங்காலம்தான் அவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். கலியாணமாகி நாலு வருஷம் கழித்து.

அவர் பிழைத்தார். ஆனால் எல்லாம் நல்லபடி ஆனது என்று சொன்னால் அது இன்னொரு பொய்ச் சீட்டு. காயம் ஆறின இடத்தில் சதை இழுத்து, கழுத்து இடப்பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. ஐப்பசியில் பிள்ளை பிறந்தது. பெண். பதினோரு நாள் இருந்தது. பேர் வைக்கிறதற்குள் போய்விட்டது. நீ செய்ததற்குக் கூலி என்று, நான் நம்பிச் சீட்டுக் கதையைச் சொன்ன ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். "என் ஆண்டவர் கிடங்கு மேஸ்திரியா, தப்புக்குத் தப்பு கூலியில பிடிக்கறதுக்கு? போடி!" என்றேன். ஆனாலும் தனியாக இருக்கும்போது அந்தச் சொல் குத்தத்தான் செய்தது. இப்போதும் குத்துகிறது.

அடுத்த லெந்து காலத்தில் துரை அய்யர் மறுபடியும் வந்தார். பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது, கழுத்து சாய்ந்திருந்தாலும் கை நன்றாக இருக்கிறதே என்றார். உபதேசியார் உடனே, "அப்போ சீட்டுப் போடலாமா?" என்று கும்பாவைத் தேடினார். நான் எழுந்து நின்றேன். சபை முழுக்க இருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். உபதேசியார் முகம் வெளுத்துப்போனது.

என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கமிருந்து சாய்ந்த கழுத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டார். "போவட்டுமா?"

எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டார். பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை, சகோதரிகளே. அந்தப் பயத்தோடேயே, "எனக்குப் பயமாத்தான் கீது. நீங்க போய்ட்டு வாங்க" என்றேன்.

அவர் போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டுப் போனார். மாசம் ஒரு கடிதம் வருகிறது. விரல் ஆறிவிட்டதாம், தானே எழுதுகிறார். போன கடிதத்தில், எஞ்சினை முழுதும் பிரித்துப் பூட்டினேன், ஒரு திருகாணி மிச்சம் வந்துவிட்டது, வாத்தியார் வறுத்தெடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தார். நான் இன்னும் பட்டை இடிக்கிறேன். இன்னும் எட்டு மாசம் இருக்கிறது.

வந்துவிடுவாரா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கமாட்டேன். முன்பெல்லாம் நீளமாக, அழகாக ஜெபிப்பேன். இப்போது காலையில் உலக்கையைக் கையில் எடுக்கும் முன், "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு" என்கிறேன். அவ்வளவுதான் என் ஜெபம். அதற்குப் பிறகு உலக்கை தூக்கக் கையில் பலம் வருகிறது. வராத நாள் இதுவரை ஒன்று இல்லை. உங்களில் யாராவது பயத்தை மறைத்துக்கொண்டு ஜெபிக்கிறவர்கள் இருந்தால், இன்றைக்கு அதை உள்ளபடியே அவரிடம் சொல்லுங்கள். பொய் சொன்ன என் ஜெபத்தையே கேட்டவர், உங்கள் ஜெபத்தைக் கேட்காமல் இருப்பாரா?