திரும்பி வராத சீனச் சிமிழ்

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா இல்லாமல் ஒரு வருடத்தை எப்படியோ தள்ளிவிட்டோம்.

அப்பா பாறசாலைக்கு அடுத்த கிராமத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பழைய மரச்சாமான்களுக்குப் பாலீஷ் போடும் வேலைக்குப் போனார். நெய்யாற்றின்கரையில் பெரிய வீடுகளின் அலங்கார மேசைகளைத் துடைக்கும்போதுதான் அந்தப் பைத்தியம் பிடித்தது. சித்திரம் எழுதிய பழைய சீனப் பீங்கான்! பவுடர் சிமிழ், தூரிகைச் சாடி என்று யாருக்கும் வேண்டாததைக் கேட்டு வாங்கி வருவார். "அரிசி வாங்கப் போன மனுசன் சீனாவ வாங்கிட்டு வாறாரு" என்பார் அம்மா.

எது கிடைத்தாலும் முதலில் படத்தைப் பார்க்க மாட்டார். கவிழ்த்து, அடியில் மெருகு படாத வளையத்தில் கண்ணை மூடி விரலை ஓட்டுவார். பழையது வழுவழுக்கும், புதியது சொரசொரக்கும். "பூவ இண்ணைக்கும் வரையலாம் மக்கா. இந்தத் தேய்மானம் வராது, கேட்டியா."

இரண்டு நீலப் பறவைகள் வரைந்த சிமிழ்தான் அப்பாவுக்கு உயிர். பக்கவாதம் வந்து அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருடைய ஒரே தம்பி, எங்கள் சித்தப்பா, வீட்டுக்கு வந்தார். "கள்ளன் கேறினா என்ன செய்விய, மைனி? நான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிமிழை எடுத்துப் போனார். "அண்ணன் பழைய ஆக்கிரிச் சாமான் பொறுக்குதாரு" என்று அமரவிளைக் கடைகளில் சிரித்ததும் இதே வாய்தான்.

வீடு திரும்பிய அப்பா அதை ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டார். ஒரு மாதம் சித்தப்பா வீட்டுக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் கொண்டுவந்தார். அதே நீலம், அதே பறவைகள். அப்பா இடது கை விரலை அடியில் ஓட்டினார்.

"எலே, இது எனக்கது இல்ல."

"அண்ணனுக்குத் தலைக்குச் சுகமில்ல, அதாக்கும்" என்றார் சித்தப்பா எங்களிடம்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

பழையது சித்தப்பா மகளின் அலங்கார மேசையில் இருக்கிறது. அவள் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள். நான் கவிழ்த்தும் பார்த்தேன். "போனது போவட்டு, விடு மக்கா" என்கிறார் அத்தை. விடமாட்டேன்.

அப்பாவைத் தூக்கிச் சுமந்த அயல்வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும் நன்றி. சித்தப்பாவுக்கும் நன்றி. நீங்கள் தந்த சிமிழில்தான் இன்று வாசலில் சந்தனம் வைத்திருக்கிறோம். 'தம்பி அண்ணனுக்குக் கொடுத்தது' என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். பழையது வீடு வரும்வரை வருடந்தோறும் அது அங்கேயே இருக்கும். தவறாமல் வந்துவிடுங்கள், சித்தப்பா.