ஒருமையில் பேசும் ஒருத்தி

மரியாதை கூடினால் மனிதன் சந்தோஷப்பட வேண்டும். லிஃப்ட்காரனுக்கு மரியாதை கூடக் கூட வயிறு எரிந்தது. முன்பு வாய் நிறைய ‘மாமா’ என்று கூப்பிட்ட மைத்துனன் இப்போது ‘சார்’ என்கிறான். ‘ஏங்க’ என்று இழுத்துக் கூப்பிட்ட மனைவி, கோர்ட் தாளில் ‘எதிர்மனுதாரர்’ என்று போட்டாள். அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. கம்பெனி மேனேஜர் கூப்பிடும் ‘நீ’யைக் கணக்கில் சேர்க்க முடியாது, அது சம்பளத்தோடு சேர்ந்து வருவது. ஆக, அவனை உரிமையோடு ‘நீ, வா, போ’ என்று பேச உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவளுக்கு எட்டு வயது. மகள். வீட்டில் வைத்த பெயர் வாலு.

லிஃப்ட்காரன் என்றால் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். நகரத்தில் எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டாலும் அவன் போன்தான் அடிக்கும். “பயப்படாதீங்க, கதவ நெம்பாதீங்க. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்” என்பான். அரை மணிக்குக் குறைந்து அவன் எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை. ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு அந்த ஐந்து நிமிஷம் பெரிய தைரியம் என்று வேலையில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொண்டான். சொல்லிச் சொல்லி அது வாயிலேயே ஊறிவிட்டது. வீட்டிலும் அதையே சொன்னான். மனைவி லிஃப்டில் மாட்டிக்கொண்டவள் இல்லை, அவளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

வாலுவுக்கு நாலு வயதில் காய்ச்சல் ஏறிக் கண் செருகியபோது, மனைவி ஒண்டியாளாக அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இவன் போனில் ஐந்து நிமிஷம் என்றான். வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவரை இறக்கிவிட்டு வந்தான். அந்த மனிதர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாராம். அதை அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பெருமையாகச் சொல்லவும் சொன்னான். அவள் எதுவும் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஜட்ஜ் கேட்டபோதுதான் பேசினாள்.

“அவர் அடிக்கல, குடிக்கல. வரல. அவ்ளோதான்.”

 

மாதத்தில் முதல் ஞாயிறு, காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, ஏதாவது ஒரு பொது இடத்தில் மகளைப் பார்க்கலாம் என்று ஜட்ஜ் சொன்னார். எந்த இடம் என்று கேட்டார். புத்தியுள்ளவன் பக்கத்துத் தெருப் பூங்காவைச் சொல்லியிருப்பான். இவன் அருவிப் பூங்கா என்றான். நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேர பஸ். வக்கீலே திரும்பிப் பார்த்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. வாலுவுக்கு ஐந்து வயதில் மூன்று பேரும் ஒரே ஒரு தடவை அங்கே போயிருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. நாள் முழுக்க போன் அடிக்கவில்லை. வாலுவைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாரல் வரைக்கும் போனான். அவள் அவன் மண்டையில் தாளம் போட்டபடி, “இன்னும் கிட்டப் போப்பா, நீ பயப்படுற” என்று கத்தினாள். மனைவி படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து வருஷக் குடித்தனத்தில் தேறியது அந்த ஒரு நாள்தான். அதை நம்பி வாயை விட்டான். டைப் அடித்தவர் ‘அருவிப் பூங்காவின் உள்ளே’ என்று அடித்துக் கொடுத்தார். அந்த ‘உள்ளே’ அவன் கழுத்தைச் சுற்றிய பாம்பு என்பது மழைக்காலத்தில்தான் தெரிந்தது.

மூன்றாம் வருஷ மழை அது. முதல் இரண்டு வருஷமும் பூங்காவைப் பூட்டும் அளவுக்கு மழை இல்லை. கேட்டில் சங்கிலி. வெள்ளம், அனுமதி இல்லை என்று பலகை. உள்ளே அருவி போடும் சத்தத்தில் ரோட்டிலேயே காது அடைத்தது. பத்து மணிக்கு வர வேண்டியவன் எட்டரைக்கே வந்து நின்றான். கல்யாணமாகி ஒரு நாளும் நேரத்துக்கு வராதவன், விவாகரத்தான பிறகு ஒரு நாளும் தாமதித்ததில்லை. சரியாகப் பத்துக்கு மைத்துனனின் கார் வந்தது.

“சார், பூட்டியிருக்கே.”

“ஆமா மச்சான். எதிர்ல டீக்கடை இருக்கு. அங்க உக்காந்துக்கறோம்.”

“ஆர்டர்ல உள்ளேன்னு போட்டிருக்கு சார். அதுல இருக்கற மாதிரியே நடந்துக்கணும்னு அக்கா சொல்லியனுப்பினாங்க.”

“டேய், நீ சைக்கிள் ஓட்டப் பழகினப்போ சீட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால ஓடி வந்தது நான்தான். மறந்துட்டியா?”

மைத்துனன் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் வண்டியைத் திருப்பினான். அப்போது பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. “அப்பா, நீ நனையுற. அறிவிருக்கா உனக்கு? குடை எங்க?” என்றாள் வாலு. கார் போய்விட்டது. இரண்டு நிமிஷம்கூட இல்லை. ஆனால் அந்த ‘நீ நனையுற’வை வைத்துக்கொண்டு அவன் ஒரு மாதம் ஓட்டினான். ஒர்க்‌ஷாப்பில் தனியாகச் சிரித்தான்.

அடுத்த மாதமும் பூங்கா பூட்டியிருந்தது. அந்தத் தடவை கார் வரவில்லை. போன் போட்டுக் கேட்கச் சிக்னலும் இல்லை. ஒரு மணி வரை நின்றுவிட்டுப் போனான்.

குளிர்காலத்தில் கேட்டைத் திறந்தார்கள். பனியில் அருவி பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. புது ஸ்வெட்டரோடு இறங்கிய வாலு கையைக் கட்டிக்கொண்டு நின்று, “நல்லா இருக்கீங்களாப்பா?” என்றாள். யாரைக் கேட்கிறாள் என்று அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் குப்பைத்தொட்டிதான் இருந்தது.

“என்ன வாலு, புதுசா நீங்க, வாங்கன்னு?”

“பெரியவங்கள நீ வா போன்னு பேசக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.”

“அப்பாகிட்ட பரவாயில்லடா.”

“இல்லப்பா, தப்பு. நீங்களே இப்படிச் சொல்லலாமா?”

டிக்கெட் கொடுக்கிற அம்மாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “இந்தக் காலத்துல எந்தப் புள்ளை இப்படிப் பேசுது? நல்லா வளர்த்திருக்கீங்க சார்” என்றார். லிஃப்ட்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

அன்று மூன்று மணி நேரமும் அந்த ‘நீ’யை அவள் வாயிலிருந்து பிடுங்கப் படாத பாடு பட்டான். கோபம் வந்தால் வந்துவிடும் என்று அவள் பிஸ்கட்டை ஒளித்து வைத்தான். ஓடிப் பிடிக்கும் விளையாட்டில் அப்பட்டமாக ஏமாற்றினான். கடைசியில் அவள் தலையில் ஒரு கை தண்ணீரைத் தெளித்தான். அவள் கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

“விளையாடாதீங்கப்பா, சளி பிடிக்கும்.”

முப்பத்தொன்பது வயது ஆள் எட்டு வயதுப் பெண்ணிடம் திட்டு வாங்கவும் யோக்கியதை இல்லாமல் பஸ் ஏறினான்.

குளிர் போய் மரமெல்லாம் இலையைக் கொட்டிக்கொண்டிருந்த மாதம். அருவி இளைத்துவிட்டது. படிகளில் சருகு நொறுங்க இறங்கிக்கொண்டிருந்தபோது வாலு தானாகவே ஆரம்பித்தாள்.

“அம்மாவும் வீட்டுக்கு வர்ற அங்க்கிளும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கப்பா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. நான்தான் பேனா கொடுத்தேன்.”

அவன் அடுத்த படியில் காலை வைக்க மறந்து நின்றான். இப்படி நடக்கும் என்று தெரியாதவன் இல்லை.

“நல்லவரா?” என்றான்.

“ம். ஸ்கூல் விடறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாங்க.”

வேண்டுமென்று சொல்லவில்லை, குழந்தைக்கு அவ்வளவு சூது ஏது? ஆனால் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டான்.

“அவரையும் நீங்கன்னுதான் கூப்பிடுறியா?”

“ஆமாப்பா. பெரியவங்கதானே?”

அப்பாடா என்றிருந்தது. அப்படியானால் இது எல்லோருக்கும் ஒரே அளவு. வளர்ப்பு, பழக்கம், அவ்வளவுதான். தன்னை மட்டும் தள்ளி வைக்கவில்லை. அன்று திரும்பும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனான்.

பிறகு வெயில். அருவியே காய்ந்துவிட்டது. மேலே இருக்கும் அணையிலிருந்து ஞாயிறு பதினொன்று முதல் பன்னிரண்டு வரை தண்ணீர் திறந்துவிடுவார்கள். முதலில் சைரன் ஊதும். ஜனம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வரும். அந்த ஞாயிறு காரிலிருந்து மைத்துனன் இறங்கவில்லை. கண்ணாடி போட்ட, குள்ளமான மனிதர் ஒருவர் இறங்கி, வாலுவுக்குக் குடையைப் பிடித்தார். குடை முழுக்க அவள் பக்கம்தான் இருந்தது. அங்க்கிள் இவர்தான்.

“வணக்கம் சார். அவளோட மாமாவுக்கு உடம்பு சரியில்ல, அதான் நான் கூட்டிட்டு வந்தேன். நான் உள்ள வரல. கேட்லயே நிக்கறேன். நீங்க பேசிட்டு வாங்க சார்.”

குறை சொல்ல ஒன்றும் இல்லாத மனிதர். அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

கேட்டிலிருந்து வேடிக்கை பார்க்கும் மேடை இருபதடி தூரம்தான். பாறை அம்மணமாக நின்றது. பழைய நாளை எப்படியாவது திருப்பிக் கொண்டுவரலாம் என்று அவன் குனிந்து தோளைக் காட்டினான். “ஏறிக்கோ வாலு.”

“வேணாம்பா. எல்லாரும் பாக்கறாங்க. நான் பெரிய பொண்ணு.”

சைரன் ஊதியது. சொல்லி வைத்தாற்போல ஜனம் கம்பியை நோக்கி மொய்த்தது. மேலே எங்கோ கடகடவென்று ஓசை, அடுத்த நிமிஷம் தண்ணீர் பாறையில் வந்து விழுந்தது. எல்லோரும் ஹோவென்று கத்தினார்கள். இடித்துத் தள்ளியதில் அவள் கை அவன் கையிலிருந்து நழுவியது. நாலைந்து பேருக்கு அந்தப் பக்கம் அவள் தலை மட்டும் தெரிந்தது. கூட்டத்தில் நசுங்கி, பயந்து, அவள் கத்தினாள்.

“அப்பா! எங்க இருக்க நீ? சீக்கிரம் வாப்பா!”

எட்டு மாதம் கழித்து அந்த ‘நீ’. பயந்தபோது வந்துவிட்டது பார். அடியில் அப்படியேதான் இருந்திருக்கிறது. மரியாதையெல்லாம் மேல்பூச்சு. “இங்கதான்டா இருக்கேன். வந்துட்டேன், வந்துட்டேன்” என்று கத்திக்கொண்டே, யார் காலை மிதித்தோம், யார் குழந்தையை இடித்தோம் என்று பாராமல் ஆட்களைப் பிளந்துகொண்டு போனான். ஐந்து நிமிஷம் என்று ஊருக்கெல்லாம் சொல்லி ஒரு நாளும் அதற்குள் வராதவன், ஐந்து விநாடியில் போய் அவள் தோளைத் தொட்டான்.

அவள் சட்டென்று திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலாக எட்டிக் கேட் பக்கம் பார்த்தாள். அங்கே கண்ணாடிக்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.

“உங்களக் கூப்பிடலப்பா” என்றாள், மரியாதையாக.

அவன் கையை எடுத்துக்கொண்டான். மணி பதினொன்றேகால். ஆர்டர்படி இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.