இல்லாத தங்கைக்கு அரைத்த வெந்தயம்

சென்ற வாரம் மகள் எழுதிக் கொடுத்த சாமான்களை வாங்கத் திருவொற்றியூர் கடைத்தெருவுக்குப் போனேன். பட்டியலில் தலைக்குத் தேய்க்கும் கண்டிஷனர் ஒன்று. புட்டியின் மேல் செம்பருத்தியும் ஒரு கிண்ணம் வெந்தயமும் படம் போட்டிருந்தார்கள். மூடியைத் திறந்து முகர்ந்தேன். கடைப்பெண் முறைத்தாள். உள்ளே ஏதோ ஊதுவத்தி வாசனை. அரைத்த வெந்தயத்தின் வாசனையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாடு அப்படி.

எழுபதுகளின் தொடக்கம். எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கடலோரமாகச் சைக்கிளில் போய்வருவேன். போகும்போது உப்புக் காற்று, உள்ளே போனால் தூசி, திரும்பும்போது மறுபடியும் உப்புக் காற்று. ஆறே மாதத்தில் என் முடி தேங்காய் நாராகிவிட்டது. சீப்பு உள்ளே போகும், வெளியே வராது. கீழே விழுந்ததைக் கூட்டி வைத்தால் பாத்திரம் தேய்க்க ஆகும் என்றார் முடி வெட்டுகிறவர். நானும் சிரித்து வைத்தேன். கொருக்குப்பேட்டையில் பெண் பார்க்க நாள் குறித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

நான் குடியிருந்தது கடலுக்குப் பக்கத்தில். ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கு வீடுகள். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா ராயபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. அதே உப்புக் காற்றில்தான் அவரும் துணி உலர்த்தினார். ஆனால் அவர் முடி மழையில் நனைந்த தார் ரோடு மாதிரி மின்னும். என்ன போடுகிறீர்கள் என்று ஓர் ஆண்பிள்ளை எப்படிக் கேட்பது? என் தங்கைக்காகக் கேட்பதாகச் சொன்னேன். எனக்குத் தங்கை கிடையாது.

"முடி எம்மா நீளம் கீது அதுக்கு?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இடுப்புவரை என்றேன்.

அதற்குத் தகுந்த அளவு சொன்னார். இரண்டு கைப்பிடி வெந்தயம் முதல் நாளே ஊற வேண்டும். கூடை நிறையச் செம்பருத்தித் தழையோடு அம்மியில் வழுவழுவென்று அரைத்து, புளித்த தயிர் ஒரு செம்பு சேர்க்க வேண்டும். தழையை அவர் வாசல் செடியிலிருந்தே பறித்துக் கொடுத்தார். காய்வதற்குள் அலசிவிட வேண்டும் என்றும் சொன்னார். அதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை.

பெண் பார்ப்பதற்கு முந்தைய ஞாயிறு, இடுப்புவரை முடிக்கான விழுது முழுவதையும் நாலு அங்குல முடிமேல் அப்பிக்கொண்டேன். காது வழியாகவும் கழுத்து வழியாகவும் பச்சையாக இறங்கி, மூக்குக்கண்ணாடியிலும் சொட்டியது. வெகுநேரம் ஊறிவிட்டுக் குழாயடிக்குப் போனால் தண்ணீர் நின்றிருந்தது. கிணற்றில் உப்புத் தண்ணீர். ஒரு வாளி ஊற்றிப் பார்த்தேன். காய்ந்துபோன விழுது அசையவில்லை.

கிணற்றடியில் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் வந்தார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலையாம். எர்ணாவூருக்கு வேலைக்குப் போகிற பையனைப் பார்க்க வேண்டுமாம். பெண்ணின் அப்பா! சொல்லாமல் கொள்ளாமல் விசாரிக்க வந்திருக்கிறார்.

அந்தப் பையன் வெளியே போயிருக்கிறான் என்றேன். வேறு என்ன சொல்ல? போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ துவைக்கிற கல்லில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, பையன் எப்படி, குடிப்பானா, சீட்டாடுவானா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தங்கமான பையன் என்று சொல்ல வாய் கூசியது, சொல்லாமலும் விடவில்லை. நம்பிக்கை வரட்டுமே என்று, கொஞ்சம் கூச்ச சுபாவம் என ஒரு குறையும் சேர்த்தேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா அக்கா எங்கிருந்தோ ஒரு குடம் நல்ல தண்ணீரோடு வந்தார்.

"சீக்கிரம் அலசு. அடுத்த வாரம் பொண்ணு பாக்கப் போறவன் இப்டியா உக்காந்துகினு இருப்பே? தங்கச்சியாம், தங்கச்சி."

கிணற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பெரியவர் எழுந்து சட்டைக் கையை மடித்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அக்காவிடமிருந்து குடத்தை வாங்கினார்.

"பையன் தங்கம்னு நீதான நைனா சொன்ன. குனி."

குனிந்தேன். அவர் சாய்த்துச் சாய்த்து ஊற்ற, நான் தேய்த்தேன். நான் தேய்க்காமல் விட்ட பிடரிப் பக்கத்தை அவரே தேய்த்துவிட்டார். சிரித்தாரா என்று தெரியாது, என் முகம் தரையைப் பார்த்திருந்தது. குடம் மட்டும் குலுங்கியது.

அடுத்த ஞாயிறு என் முடி உண்மையிலேயே படிந்துதான் இருந்தது. காப்பி கொண்டுவந்த பெண் முதலில் பார்த்ததும் அதைத்தான். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள்: அன்று எங்கள் முற்றத்துக்குள் நுழைந்தபோதே அவள் அப்பாவுக்கு நான்தான் பையன் என்று தெரிந்துவிட்டதாம். முனை டீக்கடையில் என் மூக்குக்கண்ணாடியை அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய், "அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்ல வரல, அது போதும்" என்றாராம்.

நாங்கள் இருவரும் அந்த முற்றத்திலேயே மூன்று வருடம் இருந்தோம். பிறகு வேறு இடம் போனோம். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டெல்லா அக்கா மகனோடு எந்த ஊரில் இருக்கிறாரோ. அந்தத் தெருவைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. இப்போது சாலையை ஒட்டிக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் நானும் மனைவியும் போய் அந்தக் கல்மேல் நின்றோம். அலை உடைகிற இடத்தைக் காட்டி, கிணறு அங்கேதான் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் தள்ளி, அதோ அந்தப் படகுக்கு இந்தப் பக்கம்தான் நம் வாசல் என்றாள். நாங்கள் பேசி ஒரு முடிவுக்கு வருவதற்குள் படகு நகர்ந்துவிட்டது.