ஜெயம்மாள் போட்ட உப்புக்கறி

வெந்த கறி எப்படிச் சிவப்பாக இருக்கும்? உத்திரமேரூர் சந்தையில் ஜெயம்மாளைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் இதைத்தான் கேட்டார்கள். என்னைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. ஜெயம்மாளுக்குத் தெரியும். அவள் சொன்ன பதில்தான் அவளுக்கே வினையாக வந்தது.

புருஷன் செத்த பிறகு அவள் மெட்ராசுக்குப் போய், பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். எழுபத்தெட்டில் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. ஜெயம்மாள் ஊருக்குத் திரும்பினாள். வா என்று சொல்ல ஆளில்லை. புருஷனின் தம்பி சடையப்பன் சந்தையில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தான். பொதுவில் இருந்த ஆடுகளில் அண்ணன் பங்கென்று நாலைப் பிரித்து ஓட்டிவிட்டதோடு அவன் கடமை முடிந்தது.

அந்த ஆடுகள் குட்டி போட்டுப் பெருகியதும், பெரம்பூரில் கற்றதை அவள் செய்து பார்த்தாள். தை மாதக் குளிரில் தொடைக்கறியை எலும்பு நீக்கி, உப்பு, வெல்லம், எலுமிச்சைச் சாறு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வெடியுப்பு ஒரு சிட்டிகை, எல்லாம் தேய்த்துப் பானையில் கல் வைத்து அழுத்தி ஊறப்போடுவாள். ஒரு வாரம் போனதும் முழுசாக வேகவைத்து, ஆறவிட்டு, மெல்லிசாக அரிந்து வாழையிலையில் வைப்பாள். உப்புக்கண்டம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கறுத்துச் சுருங்கிக் கயிற்றில் தொங்கும். இது ரோஜா நிறத்தில் பளபளத்தது.

குறை சொல்ல முதல் ஆளாகச் சடையப்பன் வந்தான்.

"இன்னா அண்ணி, பச்சக் கறிய விக்கிற?"

"வெந்துதான் கீது. கிள்ளிப் பாரு."

"வெந்தா ஏன் ரத்தமா கீது? வாலக் காணோம், குளம்பக் காணோம். இன்னா ஜந்துன்னு எவன் கண்டான்?"

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்கத்துக் கறிக்கடைகளில் கடைசித் துண்டு விற்கும்வரை ஆட்டு வாலை அறுக்க மாட்டார்கள். வாலைப் பார்த்துத்தான் ஆடென்று நம்பி வாங்குவார்கள். ஜெயம்மாள் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்கு அது வராது.

"வெடியுப்பு போட்டா வெந்தாலும் செவப்பு போவாது. பெரம்பூர்ல அவங்க மாட்டுக்கறில போடுவாங்க. நான் ஆட்டுல போடறேன்."

மாடு என்றதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. ஒருவன் கூடையை எட்டி உதைத்தான். காலையிலேயே வாங்கி ருசி பார்த்து, வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்திருந்த மலர்க்கொடி தொண்டையில் விரல் விட்டு வாந்தியெடுத்தாள். "பாவி, எங்க வூட்டு சனத்துக்கும் குடுத்துட்டேனேடி!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். மாட்டுக்கறி தின்பவர்களும் அதே சந்தைக்கு வருகிறார்கள். அவர்கள் கொடுக்கும் காசை மட்டும் யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

சந்தைக் குத்தகைக்காரர் வேதகிரி வந்தார். "ஆட்டுக்கறின்னு காட்டு. இல்லாட்டி இங்க ஒனக்கு எடமில்ல."

அந்த இடம் போனால் அவளுக்குப் பிழைப்பே போயிற்று. குளம்போடு ஒரு தொடையை ஊறப்போட்டுப் பார்த்தாள். எலும்போரம் உப்பு ஏறவில்லை, நாறிவிட்டது. குழி தோண்டிப் புதைத்தாள். எலும்பை எடுத்தால்தான் கறி தேறும், எடுத்தாலோ ஊர் நம்பாது. ஆத்திரத்தில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த சந்தையன்று வேதகிரியைக் கையோடு கூட்டிக்கொண்டு, கும்பல் நின்ற நேரமாகப் பார்த்துச் சடையப்பன் கடைக்குப் போனாள்.

"ஒரு தொடை குடு."

"மாட்டுக்காரிக்கு இங்க இன்னா வேல?"

"தொங்குதே, இது ஆடா மாடா? அத மட்டும் சொல்லு."

"எங்கடையில மாடா? சொன்ன வாயி அழுகிடும்! தோ, வாலு தொங்குது, கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?"

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இப்ப எலும்ப எடுத்துக் குடு."

கூட்டம் சிரித்தது. சடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு எலும்பை நீக்கினான். ஜெயம்மாள் கொண்டுவந்திருந்த உப்பையும் வெடியுப்பையும் அங்கேயே தேய்த்துப் பானையில் போட்டு, அதன் வாயைத் துணியால் கட்டி வேதகிரியிடம் கொடுத்தாள். "ஒங்க வூட்டுலயே இருக்கட்டும்ணா. தெனம் பெரட்டி மட்டும் போடுங்க." வேதகிரியின் மனைவி பானையை வீட்டுக்குள் விடவில்லை. அது மாட்டுக் கொட்டாயில் கிடந்தது. "அதுக்கேத்த எடம்தான்" என்று ஊரே கேலி பேசியது.

மறுவாரம் சந்தை நடுவில் அடுப்பு மூட்டி வேகவைத்தார்கள். வேதகிரியே அரிந்தார். சிவப்பு.

வேதகிரி திரும்பினார். "சடையப்பா, ஒன் கடைக் கறி. மாடுன்னா கடைய மூடு."

"ஆடுதான்" என்று அவன் முணுமுணுத்தான்.

"எல்லாருக்கும் கேக்கறா மாதிரி."

"ஆடுதான்யா! அதுக்காவ இவ கைப்பட்டத எவன் துன்னுவான்?"

ஜெயம்மாளுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. மலர்க்கொடி இன்றும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சடையப்பன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துப்புகிறான். வாங்குகிறவர்கள் லாரிக்காரர்களும் வெளியூர்க்காரர்களும்தான். குளிர் மாதம் வந்தால் அவள் விடாமல் வந்து அதே இடத்தில் உட்காருகிறாள்.

ஜெயம்மாள் மாட்டுக்கறி விற்றாள் என்ற பேச்சு ஒரே வாரத்தில் தாமல் வரைக்கும், தென்னேரி வரைக்கும் போய்விட்டது. சடையப்பன் தன் வாயால் ஒத்துக்கொண்டது சந்தை வாசலைத் தாண்டவில்லை. படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். தாமலில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.